மூடிச் சத்தம்

என் அண்ணன் பூதலிங்கம் வேலை முடிந்து வந்ததும் கால் கழுவமாட்டான். நேரே அடுப்படிக்குப் போய் ஒவ்வொரு சட்டியாக மூடியைத் தூக்கிப் பார்ப்பான். சோறு வைக்கும் முன்பே என்ன குழம்பு என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். முற்றத்தில் பீடி சுற்றிக்கொண்டிருக்கும்போது அந்த அலுமினிய மூடிச் சத்தம் கேட்டால், அண்ணன் வந்துவிட்டான் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

முக்கூடல் அரிசி மில்லில் மூட்டை தூக்கினான். தொண்ணூற்றிரண்டில் ஆறு பெருகி வந்ததே, அதற்கு அடுத்த வருடம் அவன் காதில் யாரோ பேச ஆரம்பித்தார்கள். முதலில் தனியாகச் சிரித்தான். பிறகு ஒருநாள் காலையில் மகள் உலகம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கினான். அவளுக்கு அப்போது நாலு வயது. தண்ணீர் பிள்ளையின் கழுத்துக்கு வந்தபோது, படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் இருவரையும் இழுத்துக் கரையில் போட்டார்கள்.

"கூப்பிடுதாங்கல்லா, போவாண்டாமா?" என்று அவர்களிடமே கேட்டிருக்கிறான். கையைக் கட்டித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

திருநெல்வேலியில் டாக்டர் மாதம் ஒரு ஊசி போடத் தொடங்கினார். குரல் அடங்கியது. அண்ணனும் அடங்கினான். மில்லுக்குப் போகவில்லை. சுவரோரம் உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம்தான். சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு அண்ணன் பெண்டாட்டியான மதினியும் நானும் சுற்றிய பீடியைக் கொடுக்கப் பீடிக்கடைக்குப் போய்த் திரும்பினால், தட்டு வைத்தபடியே இருக்கும்.

எங்கள் பக்கம் ஆண்பிள்ளை சாப்பிடாமல் இருந்தால் கோபம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கையைக் கட்டியதை மனதில் வைத்திருக்கிறான் என்று நினைத்தோம். மதினிக்கும் ரோசம் வந்துவிட்டது.

"உங்கண்ணனுக்கு வீம்பு. நான் போய்க் கெஞ்சணுமாக்கும்? பசிச்சா தன்னால எடுத்துத் திங்கட்டும்."

இரண்டு நாள் அப்படியே விட்டாள். அண்ணனின் கன்னம் உள்ளே போயிருந்தது. மில்லில் அவனோடு வேலை பார்த்த மாடக்கண்ணு அவனைப் பார்க்க வந்தார். தொடாத தட்டைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"ஏலே, மறுவீட்டுக்கு வந்த மாப்ள கணக்கால்லா இருக்க! ஊட்டிவிட ஆளு வேணுமோ?"

விளையாட்டாக ஓர் உருண்டை பிடித்து அண்ணன் கையில் வைத்தார். தின்றான். இன்னொன்று வைத்தார். அதையும் தின்றான். தட்டு காலியானது.

"கருவாடு நல்லாருக்கு" என்றான் அண்ணன்.

மாடக்கண்ணு அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

மறுநாளே டாக்டரிடம் போனோம். "அவருக்குப் பசி இருக்கும்மா, ருசியும் தெரியுது" என்றார். "எழுந்திருச்சு போய் எடுத்துக்கோன்னு தள்ளிவிடுற ஒண்ணு மூளையில இருக்கு. குரலை அடக்குற மருந்து அதையும் சேர்த்து அடக்கிடுது." ஊசியின் அளவைக் குறைத்தார்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் அடுப்படியில் மூடிச் சத்தம் கேட்டது. மதினி மடியிலிருந்த முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"ஏட்டி, பாத்தியா! தன்னால எந்திச்சு வந்துட்டாரு!"

அன்று அயிரை மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். அண்ணன் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டான்.

மறுநாள் காலையிலும் சத்தம் கேட்டது. அதற்கடுத்த நாள் நிற்கவே இல்லை. கழுவிக் கவிழ்த்திருந்த சட்டிகளையும் நிமிர்த்தி, மூடி, திறந்தான். வெறும் சட்டிக்குள் யாரோ பேசுவதைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்தான். பிறகு வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தான்.

"உலகம்மா, வாட்டி. ஆத்துக்குப் போவோம்."

மதினி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டினாள். மாடக்கண்ணுவும் இன்னும் இரண்டு பேரும் வந்துதான் அண்ணனை பஸ்ஸில் ஏற்ற முடிந்தது. பழைய அளவே போட்டால் மறுபடி சாப்பாட்டுப் பிரச்சினை வருமே என்று டாக்டர் தயங்கினார்.

"சோறு நான் குடுத்துக்கிடுதேன். நீங்க ஊசியப் போடுங்க" என்றாள் மதினி.

அதற்குப் பிறகு ஒருமுறை மருந்து கிடைக்காமல் ஊசி தள்ளிப்போனது. அண்ணன் தானாக எழுந்து தண்ணீர் மோந்து குடித்தான். அவ்வளவுதான் செய்தான். மதினி உடனே பிள்ளையைத் தன் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். ஊசி போட்ட பிறகே கூட்டிவந்தாள்.

இப்போது தொண்ணூற்றெட்டு. உலகம்மாள் நாலாம் வகுப்பு படிக்கிறாள். அண்ணனுக்கு மாதாமாதம் முழு ஊசி. மூன்று வேளையும் மதினியோ நானோ எதிரே உட்கார்ந்து கையில் உருண்டை வைக்கிறோம். வைத்தால் தின்கிறான். வைக்காவிட்டால் கேட்பதில்லை.