குஞ்சு நண்டு ஏறி வந்த காலை

எங்கள் தீவில் ஒரே ஒரு ரோடுதான். தீவை வட்டமாகச் சுற்றிக் கிளம்பின இடத்துக்கே திரும்ப வந்து சேரும். அந்த ஒரே ரோட்டிலும் குறுக்கே ஒரு மூங்கிலைப் போட்டு, சிவப்புத் துணியைக் கட்டி, "வழி கிடையாது" என்று ஒருத்தி நின்றால், பிழைப்பு நடத்துகிறவள் எங்கே போவாள்? நான் ஓனா, தேங்காய் ரொட்டி விற்கிறவள். ரொட்டி சூடாக இருந்தால்தான் நாலு பேர் கை நீட்டுவார்கள். ஃப்ரெஷ்வாட்டர் முனையில் மறித்தால் நான் தீவையே சுற்றிக்கொண்டு மறுமுனையான பாட்டம் ஹவுஸ் பக்கம் போகவேண்டும். போய்ச் சேருவதற்குள் ரொட்டி கல்லாகிவிடும்.

மறிக்கிறவள் யாரோ என்றால்கூடப் பரவாயில்லை. நான் வளர்த்த பெண். பெயர் எஸ்லின். பெற்றவள் டெல்மீரா, என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். சோறு போட்டவள் நான். சோறு போட்டவளுக்கே மறியல்!

"சத்தம் போடாத சித்தி. அம்மா நண்டுங்க கடலுக்குப் போவுதுங்க. வயித்துல முட்டையோட போவுதுங்க."

"நானும்தான் வயித்தோட போறேன். வழி விடுடி."

"உன் வயித்துல இருக்கறது ரொட்டி. அதுக்கு ஒண்ணும் அவசரமில்ல. சுத்திப் போ."

இந்த வாய் யாரிடமிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். வளர்த்தது நான்தான்.

முதல் மழை விழுந்ததும் மலையிலிருந்து கறுப்பு நண்டுகள் இறங்கும். ஒன்று இரண்டா, ரோடே தெரியாது. கடலில் முட்டையை உதறிவிட்டு மறுபடி மலை ஏறும். முன்பெல்லாம் மோட்டார் சைக்கிள்கள் அதன் மேலேயே ஏறிப் போகும், நொறுங்குகிற சத்தம் வீட்டுக்குள் வரை கேட்கும். எஸ்லின் பள்ளிக்கூடம் படிக்கிறபோதே ஒரு கம்பை எடுத்துக்கொண்டு தனியாக ரோட்டில் போய் நின்றாள். "நண்டுக்கெல்லாம் போலீசா?" என்று ஊர் சிரித்தது. சிரித்த வீட்டுப் பிள்ளைகளே அப்புறம் ஒவ்வொன்றாக அவளோடு வந்து நின்றன. சம்பளமா, சாப்பாடா, ஒன்றும் கிடையாது. மழைக்காலம் வந்தால் பாதிப் பள்ளிக்கூடம் ரோட்டில்தான் நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரின் வண்டியையே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிரசங்கம் பாதியாகக் குறைந்தது. அதற்கு மட்டும் ஊரே அவளுக்கு நன்றி சொன்னது.

அவள் ஏன் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வயிறு எரியும்.

எஸ்லினுக்கு ஐந்து வயதிருக்கும். அப்பன் போன படகு திரும்பவில்லை. டெல்மீரா கேமன் தீவுக்கு, ஹோட்டலில் படுக்கைத் துணி துவைக்கிற வேலைக்குக் கிளம்பினாள். கிளம்புகிற அன்று காலையில் கடலிலிருந்து குஞ்சு நண்டுகள் ஏறி வந்தன. தாய் நண்டுகள் இறங்குவது வருஷா வருஷம் நடக்கும். குஞ்சுகள் ஏறி வருவது அப்படியல்ல. கடல் மனசு வைத்தால்தான் வரும். ஒவ்வொன்றும் துவரம் பருப்பு அளவுதான். சிவப்பாக, லட்சக்கணக்கில், ரோடு, சுவர், வாசற்படி எல்லாம் அதுவே. துறைக்குப் போகவேண்டிய லாரி நகர முடியவில்லை. டெல்மீரா பையை மடியில் வைத்துக்கொண்டு, மகளையும் மடியில் வைத்துக்கொண்டு, மத்தியானம் வரைக்கும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் ரோடு தெளிந்தது. லாரி வந்தது. குழந்தை அவள் பாவாடையை விடவில்லை.

"அழாதடி தங்கம். மறுபடி இதுங்க எப்ப ஏறி வருதோ, அப்ப அம்மாவும் வந்துடுவேன்."

அழுகிற பிள்ளைக்குச் சொல்கிற சமாதானம். வேறென்ன சொல்லுவாள் பாவம்! ஆனால் கடலும் அவள் பேச்சைக் கேட்டது மாதிரி அதற்கப்புறம் குஞ்சுகளை அனுப்பவே இல்லை. அவளும் வரவில்லை.

வராமல் இருந்தது கல் நெஞ்சால் அல்ல. அங்கே தங்குவதற்கு அவளுக்குக் காகிதம் சரியாக இல்லை. வெளியே காலை வைத்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். கிறிஸ்துமஸுக்கு ஒரு பீப்பாய் வரும். அரிசி, சோப்பு, சாமான் குலுங்காமல் இருக்க இடையில் திணித்த, ஹோட்டலில் கழித்துக் கட்டின படுக்கைத் துணி, எல்லாவற்றுக்கும் மேலே எஸ்லினுக்கு ஒரு ஜோடி வெள்ளை ஷூ. எந்த வருஷமும் அந்த ஷூ அவள் காலுக்குச் சேர்ந்ததில்லை. எப்போதும் சின்னது. "அளவைச் சொல்லித் தொலையேன்டி" என்றால், "சரியாத்தான் இருக்குன்னு சொல்லிட்டேன்" என்பாள். கூட நிற்கிற பிள்ளைகளில் யார் காலுக்குச் சேருகிறதோ, அதற்குக் கொடுத்துவிடுவாள்.

அந்தப் படுக்கைத் துணியைக் கிழித்து, நாராக்கி, கம்பில் கட்டித் துடைப்பம் செய்தாள். குஞ்சு நண்டு ஏறும்போது ஈர்க்குமாறு ஆகாது, அதுங்கள் கால் ஒடிந்துவிடும். மெத்தென்ற துணியால் முன்னால் ஒரு கோடு தள்ளிவிட்டு, அந்த இடத்தில் ஒரு காலை வைக்கவேண்டும். மறுபடி தள்ளவேண்டும், மறு கால். வருஷா வருஷம் புதுத் துடைப்பம் கட்டுவாள். வருஷா வருஷம் அது மூலையில் கிடக்கும். மழை ஓய்ந்த பிறகு தினம் விடிந்ததும் கடலோரம் போய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்புறம்தான் துறைக்கு மீன் எடை போடுகிற வேலைக்குப் போவாள். பெரிய தீவிலிருந்து ஒரு பையன் வந்து பெண் கேட்டான். நல்ல பையன். "இங்க வந்து இருக்கறதா இருந்தா சரி" என்றாள். அவன் வரவில்லை.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "அவ சும்மா சொன்னதுடி, புள்ள அழுவுதேன்னு."

"தெரியும் சித்தி. நான் என்ன கைக்குழந்தையா?"

"அப்புறம் எதுக்குடி நிக்கற?"

"அவ வராட்டி போறா. இதுங்களாவது வரட்டுமே."

நான் உள்ளே போய் மாவைப் போட்டு அடித்தேன், அடித்தேன், அன்றைக்கு ரொட்டி நன்றாக உப்பியது.

போன வருஷம் டெல்மீராவுக்குக் காகிதம் கிடைத்தது. போனில் கத்தினாள், சிரித்தாள், அழுதாள். ஆனால் ஹோட்டல்காரன் அதிகமாக லீவு தரமாட்டானாம். வெள்ளிக்கிழமை வந்து ஞாயிறு மதிய விமானத்தில் திரும்பவேண்டும். எஸ்லின் வாளியை எடுத்தாள். புயலில் கூரை போய் மறுபடி கட்டின அம்மா வீட்டை, மறியல் நடக்கிற ரோட்டுக்கு நடுவில் இருக்கிற வீடு அது, தரையிலிருந்து திரைச்சீலை வரைக்கும் கழுவித் துவைத்தாள். விமான நிலையத்துக்கு என் மோட்டார் வண்டியில் நானும் அவளும் போவதாகப் பேச்சு.

வெள்ளிக்கிழமை விடியும்போது போன் அடித்தது.

"சித்தி... ஏறுது."

"என்னடி ஏறுது?"

"எல்லாம்."  விசும்பல்தான் கேட்டது. அப்புறம், "நீ போய் அம்மாவக் கூட்டிட்டு வா. நான் வர முடியாது. ரெண்டு பக்கமும் மறிக்கணும்."

"அடிப்பாவி! பெத்தவ இத்தன வருஷம் கழிச்சு வரா, உனக்கு நண்டா?"

"ரெண்டும் ஒண்ணா வருது சித்தி. நான் என்ன பண்ணட்டும்?"

டெல்மீரா விமானத்திலிருந்து இறங்கினாள். நரைத்திருந்தாள். கை மட்டும் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்துப்போய் யாரோ ஒருத்தியின் கை மாதிரி இருந்தது. கட்டிக்கொண்டு அழுவதற்குக்கூட நேரம் தரவில்லை. "எஸ்லின் எங்க?" என்றாள். சொன்னேன். அப்படியே நின்றுவிட்டாள்.

கிட்டத்து வழி என்று பாட்டம் ஹவுஸ் பக்கம் வண்டியை விட்டேன். "ஓனா, நிறுத்து. ரோடு நகருது" என்றாள் டெல்மீரா. நிறுத்தினேன். மூங்கிலுக்குப் பின்னால் ஸூலி நின்றாள். பள்ளிக்கூடத்துப் பெண், எஸ்லினுக்கு வலது கை, வாயில் அவளையும் மிஞ்சினவள்.

"நல்லவேளை அத்தை. எறும்புன்னு நெனச்சு மண்ணெண்ணெய் ஊத்தப் பார்த்தோம். எஸ்லின் அக்கா போன்லயே எங்கள உரிச்சிட்டாங்க!"

பாருங்கள் கூத்தை! வருஷக்கணக்கில் தாய் நண்டுக்குக் காவல் நின்ற பிள்ளைகள், குஞ்சைக் கண்ணால் கண்டதில்லை. "கம்ப எடுடி. வண்டியில யார் இருக்கான்னு தெரியுமா?" என்றேன்.

"யாரா இருந்தா என்ன? என் சொந்த அம்மாவே வந்தாலும் விடாதன்னு அக்கா சொல்லியிருக்காங்க."

டெல்மீரா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்தவள் ஸூலியின் காலைப் பார்த்தாள். வெள்ளை ஷூ.

"இது ஏதும்மா உனக்கு?"

"எஸ்லின் அக்கா குடுத்தது. அவங்க கால் பெருசு, சேராது."

 எனக்குக் கை பரபரத்தது. வண்டியைத் திருப்பி, தீவைச் சுற்றிக்கொண்டு ஃப்ரெஷ்வாட்டருக்குப் பறந்தேன். அங்கே எஸ்லின் இல்லை! அம்மா பாட்டம் ஹவுஸில் நிற்கிறாள் என்று ஸூலி போன் போட்டிருக்கிறாள். இவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்துவிட்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். "திரும்பி வரச் சொல்லுங்கடா அவள!" என்று அங்கிருந்த பிள்ளைகளிடம் கத்தினேன்.

டெல்மீரா தன் ஷூவைக் கழற்றினாள். சுவரில் சாய்த்திருந்த துடைப்பம் ஒன்றை எடுத்தாள். துணியின் ஓரத்து நீலக் கோட்டைத் தடவிப் பார்த்தாள். "நான் துவைச்ச துணி, ஓனா" என்றாள். ஒரு கோடு தள்ளினாள், ஒரு கால் வைத்தாள். ரொட்டிக் கூடையோடு நானும் பின்னாலேயே அவள் அடியில் அடி வைத்துப் போனேன்.

கடலோர வளைவு திரும்பினதும் அந்தக் கோடியில் எஸ்லின் தெரிந்தாள். இந்தப் பக்கம் திரும்பி வந்துகொண்டிருந்தாள். ஓடினால் ஒரு மூச்சு தூரம். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்குத் தாங்கவில்லை.

"ஓடி வாடி! நாலு நண்டு செத்தா குடி முழுகாது!"

அவள் ஓடவில்லை. தள்ளினாள், கால் வைத்தாள். கண்ணிலிருந்து கொட்டுவதைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. இவளும் அப்படியே. வீட்டு வாசலுக்கு எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், நடுவே ஒரு கூட்டம் கெட்டியாக ஏறிக்கொண்டிருந்தது.

"நில்லும்மா. இதுங்க போகட்டும்."

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, மகள் தாயிடம் நேரில் சொன்ன முதல் வார்த்தை இது. டெல்மீரா நின்றாள். மகளைத் தலையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்த பார்வை காலில் நின்றது. எஸ்லினுக்கு அப்பனுடைய கால், அகலமான கால்.

"ஷூ சின்னதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா... புள்ள வளந்துட்டா, இனிமே எதுக்குப் போகணும்னு நீ இருந்துடுவியோன்னு பயமா இருந்திச்சும்மா."

டெல்மீரா வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டம் தாண்டிப் போகிற வரைக்கும் மூன்று பேரும் அங்கேயே நின்றோம். அப்புறம் நடந்ததை நான் பார்க்கவில்லை, ரொட்டிக் கூடையைச் சரி பண்ணிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை டெல்மீராவை ஏற்றிப்போக ஃப்ரெஷ்வாட்டருக்கு வண்டியைக் கொண்டுபோனேன். ரோட்டில் ஒரு நண்டு இல்லை. எல்லாம் மலைக்குப் போய்விட்டன. ஆனால் மூங்கில் குறுக்கே கிடந்தது. எஸ்லின் நின்றாள்.

"விமானத்துக்கு நேரமாச்சுடி. அம்மா எங்க?"

"வாசப்படியில. பைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. நண்டு இன்னும் ஏறுதான்னு கேட்டா. ஏறுதுன்னு சொன்னேன்."

"நம்பிட்டாளா?"

"வாசப்படியில உக்காந்தா ரோடு நல்லாவே தெரியும், சித்தி."

நான் அவளையே பார்த்தேன். 

"சுத்திப் போ சித்தி" என்றாள்.

பாட்டம் ஹவுஸிலும் கம்பு கிடக்கும் என்று எனக்குத் தெரியாதா?  வண்டியைத் திருப்பினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த ரோட்டில் மெதுவாக, ரொம்ப மெதுவாக ஓட்டினேன். பாதி வழியில் மதிய விமானம் என் தலைக்கு மேலே போனது.