பெனிட்டா எடுத்த பந்து

செய்தி வந்தபோது ஒரு நோயாளி வாயைத் திறந்தபடி என் முன்னால் படுத்திருந்தார். பாறசாலையில் பல் மருத்துவம் பார்க்கிறேன். வேலை நேரத்தில் கைப்பேசியைத் தொடுவதில்லை. உதவிக்கு நிற்கும் பெண் அதை என் காதருகே பிடித்தாள். "டாக்டரே, நம்ம பெனிட்டா போயிட்டா" என்றார் பெனிட்டாவின் அப்பா செல்வராஜ் அண்ணன். எலிக்காய்ச்சல். தேறி வருகிறாள் என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். நான் பல்லை அடைத்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

அவளைப் பற்றி வந்த குறிப்புகள் சில அவளைத் தொழில்முறை கோல்ஃப் வீராங்கனை என்கின்றன. அது சரியல்ல. பெனிட்டா கடைசிவரை அமெச்சூர், பணத்துக்கு ஆடாதவள். தொழில்முறைக்குப் போ என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். "ஒரு கோப்பையாவது வாங்கணும் அண்ணா. அது இல்லாம காசுக்குக் களிக்கப் போனா, என்னைய நானே நம்பமாட்டேன்" என்பாள். களிப்பது என்றால் எங்கள் பக்கத்தில் விளையாடுவது. அசட்டுப் பிடிவாதம் என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். இப்போதும் என் கருத்து அதுதான்.

அவள் ஊரான தனுவச்சபுரத்தில் கோல்ஃப் எப்படி வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. செல்வராஜ் அண்ணன் பட்டாளத்தில் இருந்தபோது அங்கிருந்த மைதானத்தின் புல்லைப் பராமரித்தவர். ஓய்வு பெற்று வரும்போது, ஒரு அதிகாரி வேண்டாமென்று ஒதுக்கிய மட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். வீட்டுக்குப் பின்னால் அவர்களுடைய ரப்பர் தோட்டம். மகள் அங்கேதான் பழகினாள். மரங்கள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றிலும் பால் வடியும் சிரட்டை. பந்து கொஞ்சம் கோணினாலும் சிரட்டை தெறித்துப் பால் மண்ணில் கொட்டும். அப்பா வீட்டுக்குள்ளிருந்து சத்தம் போடுவார். அதனால் அவள் பந்து மரக்கிளைக்குக் கீழே, நூல் பிடித்ததுபோல் நேராகப் போகும். நகரத்துப் பிள்ளைகள் வானத்தில் தூக்கி அடிப்பதைப் பார்த்து, "மேல போய் அது என்னத்தக் காணப் போவுது?" என்று சிரிப்பாள். நடுவில் குளம் இருக்கும் மைதானங்களில் அந்தச் சிரிப்பு இருக்காது. பந்தை உயர்த்தி அடிக்கக் கற்றுக்கொள்வதற்குள் படாதபாடு பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நானும் அவளோடு ஆட அங்கே போய்விடுவேன். குழிக்குப் பதிலாக மண்ணில் புதைத்த பெயின்ட் டின்கள். சுற்றிலும் வேர், சருகு. டின்னுக்கு ஒரு செருப்பு நீளத்தில் கிடக்கும் பந்தைத் தட்டினாலும் அது வேரில் இடித்து எங்காவது ஓடும். எனவே எங்களுக்குள் ஒரு வழக்கம்: செருப்பு நீளத்துக்குள் வந்துவிட்டால் உள்ளே போனதாக அர்த்தம். யாரும் யாரையும் கேட்பதில்லை. குனிந்து எடுத்துக்கொண்டு அடுத்த டின்னுக்கு நடப்போம்.

மலைமேல் ஒரு மைதானத்தில் அவள் இறுதி ஆட்டத்துக்கு வந்தாள். நானும் கூடப் போயிருந்தேன். ஒருத்திக்கு எதிராக ஒருத்தி ஆடும் போட்டி. எதிரே கோயம்புத்தூர்ப் பெண் ரம்யா. கடைசிக் குழிவரை சமம். ரம்யா தன் பந்தைப் போட்டு முடித்துவிட்டாள். பெனிட்டாவின் பந்து குழியை ஒட்டிக் கிடந்தது. தட்டிவிட்டால் மறுபடி சமம், இன்னொரு குழி ஆடலாம். இவ்வளவு பக்கத்தில் கிடக்கும் பந்தை, எடுத்துக்கொள் என்று எதிராளி விட்டுக்கொடுப்பதும் உண்டு. ஆனால் அவர் வாயால் சொல்ல வேண்டும். ரம்யா சொல்லவில்லை. பெனிட்டா குனிந்து பந்தை எடுத்துவிட்டாள்.

நடுவர் அருகில் வந்து, விட்டுக்கொடுத்ததாக நினைத்து எடுத்தாயா என்று கேட்டார். ஆம் என்றால் பந்தைத் திரும்ப வைத்து ஆடவிடலாம், விதியில் அதற்கு இடம் இருக்கிறது. அவளுக்கும் அது தெரியும்.

"இல்ல சார். ஒண்ணும் நினைக்கல்ல. கை தன்னால போயிட்டு."

தண்டனையாக ஓர் அடி கூடியது. கோப்பை ரம்யாவுக்குப் போனது. இறங்கி வரும் வழியில் எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன மக்கா என்றேன். பழம்பொரியைத் தின்றுகொண்டே, "அப்பறம் கோப்பையப் பாக்கும்போதெல்லாம் அந்த ஆமா காதுல கேக்கும் அண்ணா. அடுத்த வருசம் பாப்போம்" என்றாள். பிறகு ஊர் வரும்வரை தூங்கினாள். அவளுக்கு அடுத்த வருடம் வரவில்லை.

அடக்கத்துக்கு ரம்யா வந்திருந்தாள். செல்வராஜ் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் விட்டுக்குடுக்கத்தான் நெனச்சேனுங்க. வாயத் தொறக்கறதுக்குள்ள எடுத்துட்டா. அத அப்பவே சொல்லியிருக்கணும்" என்று அழுதாள். அவர் பட்டாளத்துக்காரர், கண் கலங்கி நான் பார்த்ததில்லை. அன்று கலங்கியது. "நீ வெஷமப்படாத, சங்கடப்பட்டு அழாத மக்கா. நீ ஜெயிச்சதாக்கும். அவ வீட்டுக்கு வந்து மொதல்ல சொன்னதும் அதாக்கும்" என்றார். ரம்யா வெகுநேரம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

எனக்குப் பெனிட்டாவின் நினைவாக அவளுடைய மட்டையையோ தொப்பியையோ கேட்டு வாங்கத் தோன்றவில்லை. நடுவர் கேட்டார், அவள் சொன்னாள். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே அவள் மூச்சு விடக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. நானாக இருந்தால் யோசித்திருப்பேன். அவளுடைய அந்த யோசிக்காமை மட்டும் நினைவாக என்னிடம் இருக்கிறது.