சின்னாத்தா வீட்டுக்கு வழி

1927 ஐப்பசியில் அழகுத்தாய்க்கு வயது இருபத்தாறு. மகள் ராமுத்தாய்க்கு நாலு. கம்பம்மெட்டுக்கு மேற்கே ஓர் ஏலத்தோட்டத்துக் கூலியாட்கள் லயத்தில், கடைசி அறையில் இருவரும் இருந்தார்கள். புருஷன் முந்தின வருஷம் மலைக்காய்ச்சலில் போய்விட்டான். அதே காய்ச்சல் இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் அழகுத்தாயையும் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.

லயத்தில் காய்ச்சல் காணாத ஆள் இல்லை. அவளுடைய பயம் வேறு. அந்தத் தோட்டத்தில், தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளையைக் கங்காணி பெரியமுத்து தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். சோறு போடுவார், துணி கொடுப்பார். அதற்கு "வளர்க்கிறார்" என்று பேர். குனிந்து பொறுக்கத் தெரிந்ததும் பிள்ளை ஏலக்காய் எடுக்கப் போகும், விறகு சுமக்கும். கல்யாணம்கூட அவர் கை காட்டுகிற ஆளோடுதான். அப்படி வளர்ந்த பெண் ஒருத்தியிடம், ஓடையில் தண்ணீர் மோக்கும்போது, "உங்க ஊரு எதும்மா?" என்று அழகுத்தாய் ஒருநாள் பேச்சுக்குக் கேட்டாள். அந்தப் பெண் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"தெரியலையேக்கா."

அன்று சாயங்காலமே அழகுத்தாய் பாடத்தை ஆரம்பித்தாள்.

முதலில் வாய்ப்பாடம்தான். உன் பேர் என்ன, அய்யா பேர் என்ன, ஊர் எது, சின்னாத்தா பேர் என்ன? கம்பத்தில் செக்கடித் தெருவில் தங்கை சாந்தம்மாள் இருந்தாள். அநாதையாக வந்து நின்றால் அக்கா பிள்ளையை அவள் தள்ளமாட்டாள். ராமுத்தாய் ஒப்பிப்பாள், சிரிப்பாள், மறுநாள் மறந்துவிடுவாள். ஆகவே பாடம் தரைக்கு வந்தது. மெழுகிய தரையில் அடுப்புச் சாம்பலால் ஒரு கோடு போட்டாள்; அது கம்பத்துக்கு மலை இறங்குகிற பாதை. கூழாங்கல், மெட்டுச் சாவடி. மரப்பட்டை, வழியில் வரும் சுனை. சிவப்பு ஓட்டுச் சில்லு, கருப்பன் கோயில். கொட்டாங்கச்சி, அடிவாரத்துக் குளம். கடைசியில் ஒரு புளியங்கொட்டை, சின்னாத்தா வீடு. ஒடித்த ஈர்க்குச்சிதான் ராமுத்தாய். எல்லாவற்றையும் கலைத்துப் போடுவாள் தாய். எதற்குப் பிறகு எது என்று மகள் அடுக்க வேண்டும்.

ஒருநாள் ராமுத்தாய் புளியங்கொட்டையைக் கொண்டுவந்து முதலில் வைத்தாள்.

"ஏய், அது கடைசியில்ல?"

"முதல்லயே இருக்கட்டும் ஆத்தா. நடக்க வேண்டாம்ல?"

அழகுத்தாய் சிரித்துவிட்டாள். பக்கத்து அறைக் குருவம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். "என்னடி, மகளைத் துரை பங்களாவுல கணக்குப் பாக்க அனுப்பப் போறியா? இருந்திருந்து ஏலக்காய் எடுக்கப் போறவளுக்குப் பள்ளிக்கூடமா?"

"பொழுது போகணும்ல மதினி."

பிறகு அழகுத்தாய் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "மதினி, எனக்கு ஏதாவது ஒண்ணு ஆயிருச்சுன்னா, இவளைக் கீழ கொண்டுபோய் விட்ருவீகளா?"

"வாயைக் கழுவுடி." குருவம்மாள் வாசலை விட்டு உள்ளே வந்தாள். "கங்காணியக் கேக்காம அவரு லயத்துப் பிள்ளையத் தூக்கிட்டு நான் இறங்குனேன்னா, அப்புறம் இங்க ஏற விடுவாரா? நீயே இப்ப கொண்டு விட்டுட்டு வாயேன்."

அதற்கும் வழியில்லை. ஏலக்காய் எடுப்பு முடியும்வரை ஆட்கள் மலை இறங்கக் கூடாது. மிச்சம் இருந்தவர்கள் பொதிமாட்டுக்காரர்கள். மூட்டை ஏற்றிக் கம்பத்துக்கு இறங்குகிறவர்கள், கங்காணியின் ஆட்கள் இல்லை. வீடு எங்கே என்று பிள்ளைக்குச் சொல்லத் தெரிந்தால் போதும், கூட்டிப்போவார்கள்.

"எப்ப போகணும் ஆத்தா?" என்று ராமுத்தாய் கேட்டாள்.

சாவு என்கிற சொல்லை விளக்கு வைக்கிற வீட்டில், பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் பலித்துவிடும்.

"ஆத்தாவக் கூப்பிட்டுப் பாரு. எந்திரிக்கலைன்னா போ. அழுகக் கூடாது. மாட்டு மணி கேக்கும்ல, அவுக பின்னாலயே போகணும்."

"உசுப்பியும் எந்திரிக்கலைன்னா?"

"உசுப்பியும் எந்திரிக்கலைன்னா."

கார்த்திகையில் ஒருநாள் காலையிலேயே குளிர்காய்ச்சல் வந்தது. கம்பளிக்குள் பல் கிட்டிக் கிடந்தவளுக்கு உச்சிப்பொழுதில் நினைவு தப்பிவிட்டது. கண் விழித்தபோது உடம்பெல்லாம் வியர்வை, வாசலில் வெயில் சாய்ந்திருந்தது. தரையில் சாம்பல் கோடு புதிதாக இருந்தது. கல், பட்டை, சில்லு, கொட்டாங்கச்சி, கொட்டை எல்லாம் வரிசை பிசகாமல் இருந்தன. ஈர்க்குச்சியைக் காணவில்லை.

அவள் மெட்டுக்கு ஓடினாள். ஓட்டம் பாதி, விழுந்து எழுந்தது பாதி.

சாவடிக்கு முன்னால் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து ராமுத்தாய் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் பெரியமுத்து நின்றார். மாட்டுக்காரரிடம் பிள்ளை ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தது: பேர், அய்யா பேர், கம்பம், செக்கடித் தெரு. "ஆத்தா எங்க?" என்றதற்கு, "உசுப்பியும் எந்திரிக்கல." அதற்கு யாரும் கொள்கிற அர்த்தத்தைத்தான் மாட்டுக்காரரும் கொண்டார். செத்தவள் எந்த லயத்தாள் என்று சாவடியில் விசாரித்தார். மூட்டை நிறுத்துக்கொண்டிருந்த கங்காணி, "நம்ம லயந்தான்" என்று முன்னால் வந்தார்.

"ஆத்தா, எந்திரிச்சுட்டியா? நான் எல்லாஞ் சரியாச் சொன்னேன். இவுகதான் விடல."

"செத்தவ நடந்து வாறா பாருங்கய்யா" என்றார் கங்காணி. சாவடியில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "ஆனை நடமாடுற பாதையில பச்சப்பிள்ளைய விட்டுட்டுத் தூங்குறியே, நீயெல்லாம் ஒரு தாயா? இது இனி எங்க வீட்ல இருக்கட்டும்."

"எனக்குச் சொகந்தான் அய்யா."

"சொகமா? நிக்கவே மூட்டையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறே."

"கம்பத்துல எந்தங்கச்சி இருக்கா. விட்டுட்டு ஓடி வந்துர்றேன்."

"எடுப்பு முடியட்டும், பாப்போம்."

"பிள்ளை மேல தப்பில்ல அய்யா. நான் சொல்லித்தான் போச்சு."

"நீ சொன்னியா? செத்தாப் போன்னு சொன்னியா, படுத்தாப் போன்னு சொன்னியா?"

கங்காணி பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டார். நல்ல மனுஷன், வேறு யார் இப்படிப் பார்ப்பார்கள் என்று மாட்டுக்காரர் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்.

மறுநாள் காலை ஆள் கூப்பிடும் இடத்தில், கங்காணி ராமுத்தாய் பேரையும் சேர்த்துக் கூப்பிட்டார். அவளுக்கு ஒரு சின்னக் கூடை கொடுத்தார்கள்.