மெஷினுக்கு பைலா பழக்கியவர்

எங்கள் மியூசிக் பாண்டில் நான்கு பேர் இருந்தோம். கொட்டாஞ்சேனைக் கல்யாண மண்டபங்களில், சனத்தை ஆடவைக்கும் பைலாப் பாட்டுக்கு எங்களுக்கு ஒரு பெயர் இருந்தது. பகலில் நான் கப்பல் கம்பனியொன்றில் எழுதுவினைஞன். சனிக்கிழமைகளில் கீபோர்ட் வாசித்தேன். என்னை நாலு பேர் நிமிர்ந்து பார்த்தது அந்த மேடையில் மட்டும்தான்.

பிறகு, பதிந்த பாட்டைப் போடும் கசெட்காரர்கள் வந்தார்கள். இரண்டு ஸ்பீக்கர், ஒரு ஆள், அவ்வளவுதான். மண்டபக்காரர் எங்கள் பாடகரைக் கூப்பிட்டு, "மூணு பேரா வாங்க. இல்லாட்டி நான் கசெட்காரனையே போட்டுக்கிறேன்" என்றார்.

பாடகர் இல்லாமல் பாண்ட் இல்லை. கிற்றார் வேண்டும். ட்ரம்ஸ் இல்லாவிட்டால் எவரும் ஆட எழும்பமாட்டார்கள். கழிபடப்போவது நான்தான் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

ட்ரம்ஸ் வாசித்தவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். துறைமுகத்துப் பண்டகசாலையில் வேலை. கொச்சிக்கடையில் ஒரு வாடகை அறையில் மனைவியோடு இருந்தார்.

அந்த நேரம் பார்த்து என் மைத்துனர் வளைகுடாவிலிருந்து புதிய கீபோர்ட் ஒன்று கொண்டுவந்தார். நாமே ஒரு தாளத்தை அதில் பதியலாம். திரும்பத் திரும்ப வாசிக்கும். ஞாயிறு மத்தியானம் ட்ரம்ஸ்காரரை வெள்ளவத்தையிலிருந்த என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். பொழுதுபோக்குக்கு என்றேன்.

"என்ன அண்ணை, மெஷினுக்கு பைலா பழக்கிறியளோ?" என்று சிரித்தார். கதிரை விளிம்பில் இரண்டு குச்சிகளால் தட்டிக் காட்டினார். நான் பதிந்ததைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "ம்ஹூம். ரெண்டாவது அடி கொஞ்சம் பிந்தி விழவேணும். இல்லாட்டி சனம் ஆடாது, ஆமி பரேட்தான் போகும்."

பொழுது சாயும்வரை இருந்து திருத்தினார். போகும்போது, "இப்ப சரி. என்னைவிட நல்லா அடிக்குது" என்றார்.

பாடகரிடம் போட்டுக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு. அதுக்காக அவன எப்பிடிப்பா விடுறது?" என்றார்.

அடுத்த சனிக்கிழமை நுகேகொடையில் ஒரு கல்யாணம். திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் வேனை நிறுத்தினார்கள். ஆமிக்காரன் ட்ரம்ஸ்காரரின் அடையாள அட்டையை வாங்கி, பிறந்த இடத்தைப் பார்த்தான். யாழ்ப்பாணம் என்று இருந்தாலே சந்தேகத்தில் இறக்கிக்கொண்டுபோன போர்க்காலம் அது. இன்னொருவனிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னான். அட்டையைத் திருப்பித் தந்து, போகச் சொன்னான்.

எங்களில் சிங்களம் நன்றாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தேத்தண்ணி வந்துவிட்டதா என்றுதான் அவன் கேட்டான்.

மறுநாள் பாடகரிடமும் ட்ரம்ஸ்காரரிடமும் வேறு சொன்னேன். "இவன்ட பேரை எழுதி வை, அடுத்த முறை வந்தா இறக்கு எண்டு சொன்னவன். நான் காதால கேட்டனான்."

பாடகரின் முகம் வெளுத்தது. ட்ரம்ஸ்காரர் என் கையைப் பிடித்து, "சொன்னது நல்லம் அண்ணை" என்றார். அதன்பின் அவர் வேனில் ஏறவில்லை. மெஷின் அவருடைய பைலாவை அடித்தது. சனம் ஆடியது. ஒவ்வொரு பாட்டிலும் அந்த இரண்டாவது அடி விழும்போது என் விரல்கள் விறைத்தன.

ஒரு மாதம் கழித்து அவருடைய மனைவி என் கப்பல் கம்பனிக் கந்தோர் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணை, இவர் வேலைக்கும் போறேல்லை. தெருவில வேன் நிண்டாக் கட்டிலுக்குக் கீழ பூருறார். பேரை எழுதச் சொன்னது மெய்தானோ? சிங்களம்தானே, நீங்கள் பிழையா விளங்கியிருக்கலாமோ?"

தப்பிக்க ஒரு வழியை அந்தப் பெண்ணே எனக்குத் திறந்துவிட்டார். ஓம், பிழையாக விளங்கியிருக்கலாம் என்று சொல்லியிருந்தால் போதும். ட்ரம்ஸ்காரர் பழையபடி வேலைக்குப் போயிருப்பார். ஆனால் மறுபடியும் மேடைக்கும் வந்துவிடுவார். மெஷினை முதலே போட்டுக் காட்டியவன் நான் என்பதால், என் பொய் பாடகருக்குத் தெரிந்துவிடும்.

"இல்லைத் தங்கச்சி. வடிவாக் கேட்டனான். கவனமா இருக்கச் சொல்லுங்கோ."

அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

பத்து நாள் கழித்துக் கொச்சிக்கடைக்குப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. அறை பூட்டியிருந்தது. வீட்டுக்காரம்மா, "மன்னாருக்குப் போய்ட்டாங்க. அங்கேருந்து போட்ல இந்தியாவுக்காம். அந்தப் புள்ள ஒரே அழுகை" என்றார்.

அந்த நாட்களில் படகுகள் கவிழ்ந்த செய்திகள் பத்திரிகையில் வந்தன. பெயர்களும் போட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தைப் படிக்காமல் திருப்பிவிடுவேன்.

எனக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. அக்கரையில், இந்திய அகதி முகாம்களில் இருந்து திரும்பி வந்தவர்கள் இந்தத் தெருவிலேயே இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். பெயரைச் சொல்லி விசாரித்தால், அவரும் மனைவியும் கரை சேர்ந்தார்களா என்று ஒரு நாளில் தெரிந்துவிடும். அந்த முகாம்காரர்கள் எதிரே வந்தால் நான் சாலையைக் கடந்து மறுபக்கம் போய்விடுகிறேன்.