சஹனில் என் பக்கம்

இங்கே நோயாளிகள் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்பது, எந்த வீட்டில் வேலை செய்கிறாய் என்பதுதான். லெபனானில் இலங்கைப் பெண் என்றால் வீட்டு வேலைக்காரி. நான் தாதி என்று சொன்னால் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள், நம்பமாட்டார்கள். சிரியாப் போரில் வீடிழந்தவர்களின் கூடாரங்களுக்கு நடுவே, பெக்கா பள்ளத்தாக்கில், ஒரு தொண்டு நிறுவனத்தின் காசநோய் வார்ட்டில் வேலை செய்கிறேன்.

அலெப்போவிலிருந்து ஓடிவந்த ஹமீதாவும் முதலில் அப்படித்தான் கேட்டாள். பிறகு என்மேல் பாசம் வைத்துவிட்டாள். மதியம் நோயாளிகள் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்காரும்போது, பக்கத்துப் பாயைத் தட்டி என்னைக் கூப்பிடுவாள். நான் முகக்கவசத்தைத் தொட்டுக் காட்டி மறுப்பேன். காசம் தட்டால் தொற்றாது, மூச்சால் தொற்றும். அதனால் உங்கள் நடுவே கவசத்தைக் கழற்ற முடியாது என்று அரைகுறை அரபியில் சொன்னேன். அவளுக்கு விளங்கியது வேறு. "எங்களைப் பார்த்தால் அருவருப்பா?" என்றாள். ஆனாலும் தினமும் தட்டின் ஓரத்தில் எனக்கென்று ஒரு பங்கைத் தொடாமல் விட்டுவைத்தாள்.

எனக்கு இது புதுப் பழக்கமா? எங்கள் ஊர் மாத்தளையில், முஸ்லிம் கலியாணங்களில் சஹன் சோறுதானே. ஒரு பெரிய தட்டில் ஆறு பேர் சாப்பிடுவோம். அவரவர் தன் முன்னால் உள்ளதைத்தான் எடுக்க வேண்டும், அடுத்தவர் பக்கம் கை போகக்கூடாது. தங்கை பர்ஹானாவின் கலியாணத்துக்கு லீவு கிடைத்த நாளிலிருந்து, மணப்பெண்ணின் சஹனில் அவள் பக்கத்தில் உட்காரப்போவதையே நினைத்துக்கொண்டிருந்தேன். புறப்படுமுன் எக்ஸ்ரேயும் எடுத்தேன். நெஞ்சில் ஒன்றும் இல்லை.

கலியாண வீட்டில் உம்மாவுக்கு என்னால் பெருமைதான். வந்தவர்களிடமெல்லாம், "மூத்தவ வெளிநாட்டுல யுத்தத்துல அடிபட்டவங்களப் பாக்குறா" என்றார். காசம் என்ற சொல்லை மட்டும் விழுங்கிவிட்டார். குடும்பத்துக்குத் தெரியாதா என்ன? பர்ஹானாவின் சஹனருகே நான் போனதும் மாமி குறுக்கே வந்தார்.

"மகள், நீங்க களச்சி ஈக்கிறீங்க. உள் ரூமுல ஒங்களுக்குத் தனியா வச்சிருக்கு."

"எனக்கு ஒண்டும் இல்ல மாமி. எக்ஸ்ரே எடுத்துட்டுத்தான் வந்தேன்."

"அதுக்கில்ல மகள். புள்ளகள் ஈக்கிற எடம்."

உம்மாவைப் பார்த்தேன். அவர் வட்டிலாப்ப இனிப்பைப் பரிமாறப் போய்விட்டார். பர்ஹானா தலை நிமிரவில்லை.

உள்ளறையில் ஆறு பேருக்கான சஹன் எனக்கு மட்டும். கோழி, கத்தரிக்காய், அச்சாறு, ஒரு குறையும் இல்லை. கை கழுவத் தண்ணீர் ஊற்றுகிற பெண் கெண்டியை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள். என் பக்கத்துச் சோற்றை மட்டும் சாப்பிட்டேன்.

பிறகு உம்மா வந்து பார்த்தார். "ஏன் மகள், சோறெல்லாம் அப்படியே ஈக்கிது?"

"அது மத்தவங்கட பக்கம் உம்மா."

அவர் சஹனைத் தூக்கிக்கொண்டு போனார்.

பெக்காவுக்குத் திரும்பிவிட்டேன். இன்று மதியமும் ஹமீதா தட்டின் ஓரத்தில் என் பங்கை ஒதுக்கினாள். முகக்கவசத்தோடு பக்கத்தில் நின்று, அது ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.