கமென்ட்ரி அக்கா கண் அசந்த நானூறு மீட்டர்

மக்காச்சோளம் அறுக்கும் மெஷினில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அவள் வாய் மூடாது.

"இடது பக்கம் ஈரம் இருக்கு. முன்னாடி தட்டை சாஞ்சு கிடக்கு. நாலு கொக்கு, அதுல ஒண்ணு நொண்டுது."

கேபினில் கேட்க ஆள் கிடையாது. வயர்லெஸ்ஸில் கேட்டுக்கொண்டிருப்பது மற்ற இரண்டு மெஷின்காரர்கள். கமென்ட்ரி அக்கா என்று பேர் வைத்ததும் அவர்கள்தான்.

பதினாறு வருஷம் ஸ்டீரிங் பிடித்தவள். அப்போதெல்லாம் இப்படிப் பேசியதில்லை. வரிசையை விட்டு ஒரு சாண் விலகாமல் ஓட்டுவதற்கே கண்ணும் கையும் கழுத்தும் சரியாகப் போய்விடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பண்ணைக்குப் புது மெஷின்கள் வந்தன. செயற்கைக்கோளின் உதவியோடு தாமே நேராகப் போயின, வயல் முனையில் தாமே திரும்பின. மூன்றே மாதத்தில் அவளுடைய தோள்வலி ஓடிப்போனது. பழைய மெஷினை நினைத்து ஒரு பெருமூச்சுகூட விட்டதில்லை. ஆனால் வலி போன இடத்தில் தூக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. சும்மா பார்த்துக்கொண்டிருப்பதைப் போல ஆளை அடித்துப்போடும் வேலை வேறில்லை என்று அவள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்தாள். கமென்ட்ரி அதற்கு அவளே செய்துகொண்ட வைத்தியம்.

இந்த வருஷம் அறுவடைக்கு நடுவில் மேனேஜர் மூன்று பேரையும் ஒர்க் ஷாப்புக்கு அழைத்தார்.

"ஆறு நாளைக்கு ஒரு சோதனை. நீங்க எத்தனை தடவை குறுக்கே ஸ்டீரிங்கைப் பிடிக்கறீங்கன்னு மெஷினே பதிவு பண்ணிக்கும். தேவையே இல்லேன்னு தெரிஞ்சா அடுத்த போகத்துல கேபின்ல ஆள் வேண்டாம். ஆபீஸ்ல ஒருத்தர் உட்கார்ந்து மூணு ஸ்கிரீனையும் பார்த்துக்கலாம்."

மூன்று பேர் வேலை ஒருவர் வேலையாகச் சுருங்கப் போகிறது என்று யாரும் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது மெஷினை ஓட்டுபவர் ஒரு காலத்தில் பஸ் டிரைவராக இருந்தவர். முதல் நாளே முப்பது தடவை ஸ்டீரிங்கைப் பிடித்தார். மூன்றாவது மெஷினில் அவளுடைய கொழுந்தன். அவன் பிடித்தது நாற்பத்தைந்து தடவை. அவன் அறுத்த வயல் பாம்பு நெளிந்த மாதிரி இருந்தது.

"அண்ணி, நீங்களும் அப்பப்ப ஒரு தட்டு தட்டுங்களேன்" என்று சாப்பாட்டு நேரத்தில் கெஞ்சினான். "உங்க மெஷின்ல ஒண்ணுமே பதிவாகலேன்னா மூணு பேர் பொழப்புலயும் மண்ணு விழுந்துடும்."

"ஒழுங்கா போறதை எதுக்கு தம்பி இழுக்கணும்? நீ இழுத்த இழுப்புல கதிரெல்லாம் தரையில கிடக்கு. போய்ப் பார்."

அந்த ஆறு நாளில் அவள் ஸ்டீரிங்கைப் பிடித்தது ஒரே தடவை. பம்ப்செட் பார்ப்பவர் வெயிலுக்குப் பயந்து தன் பைக்கைப் பயிருக்குள்ளே படுக்கப் போட்டிருந்தார். ஆள் உயரப் பயிர், கேமராவுக்குத் தெரியவில்லை. காற்று ஒரு பக்கம் அடிக்க, இரண்டு தட்டை மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பதைக் கமென்ட்ரியில் சொல்லிக்கொண்டே வந்தவள், சொன்ன வாக்கியம் முடிவதற்குள் மெஷினை ஒடித்து நிறுத்தினாள்.

"அண்ணே, இன்னும் நாலடி வந்திருந்தா உங்க பைக்கை அரைச்சு மூட்டை கட்டியிருப்பேன்!"

ஏழாம் நாள் காலை மேனேஜர் தாளோடு வந்தார். ஆண்கள் இருவரையும் பார்த்து, "வயலைப் பார்த்தாலே தெரியுது, வேணும்னே புடிச்சிருக்கீங்க. இதெல்லாம் செல்லாது" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "உங்களோடது ஒண்ணே ஒண்ணு, அதுவும் அந்த பைக். மனசாட்சியோட சொல்லுங்க, கேபின்ல ஆள் வேணுமா?"

பைக்கைச் சொல்லு, பைக்கைச் சொல்லு என்று பஸ் டிரைவர் கண்ணாலேயே சைகை காட்டினார்.

"சார், வியாழக்கிழமை மத்தியானம் நான் தூங்கிட்டேன்" என்றாள் அவள். "தண்ணி குடிச்சேன், பேச்சு நின்னுது, அவ்வளவுதான். நானூறு மீட்டர். மெஷின் திரும்பினப்பதான் முழிப்பு வந்துது. பைக் அன்னிக்குக் கிடந்திருந்தா?"

பஸ் டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணி, முடிச்சு விட்டீங்க" என்று முனகினான் கொழுந்தன்.

"இதுக்கே உங்களை வேலையை விட்டு எடுக்கலாம், தெரியுமா?"

"தெரியும் சார். ஆனா வாய் ஓயாம பேசிக்கிட்டே ஒரே ஒரு மெஷினைப் பார்க்கற எனக்கே இந்தக் கதி. ஏசி ரூம்ல மூணு ஸ்கிரீன் பார்க்கப் போறவர் பாவம், என்ன பண்ணுவார்? நம்பலேன்னா நீங்களே ஒரு தடவை உட்காருங்க. எதையும் தொட வேண்டாம், பார்த்தா போதும்."

மேனேஜருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தார். பக்கத்துச் சின்ன சீட்டில் அவள், அன்றைக்கு மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு. முதல் இருபது நிமிஷம் முதுகு நிமிர்ந்து இருந்தது. நாற்பதாவது நிமிஷம் கை பாக்கெட்டுக்குப் போனது. "போன் கூடாது சார்." ஒரு மணி பத்து நிமிஷத்தில் அவர் முகவாய் நெஞ்சில் இடித்தது. அவள் எழுப்பவில்லை, அவருக்குப் பதிலாக வயலைப் பார்த்துக்கொண்டாள். இரண்டாவது திருப்பத்தில்தான் அவர் திடுக்கிட்டு விழித்தார்.

"தூங்கலை. கண்ணை மூடி யோசிச்சேன்."

"ரெண்டு வரிசை யோசிச்சீங்க சார்."

அவர் சிரித்துவிட்டார்.

அன்று சாயங்காலமே ஒர்க் ஷாப் கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரும் ஒரே மூச்சாக கேபினில் உட்காரக் கூடாது, ஆள் மாற வேண்டும். மாறுவதற்கு நாலாவதாக ஒரு ஆள் தேவைப்பட்டது. ஆள் குறைக்க வந்த மேனேஜர், ஆள் கேட்டு மேலிடத்துக்கு எழுதினார். பதில் வரும்வரை மெக்கானிக் ஏறுவார்.

அவளுக்குத் தனியாக ஒரு கடிதமும் வந்தது. பணி நேரத்தில் தூங்கியதற்கு எச்சரிக்கை.

"உண்மையைச் சொன்னதுக்கு மெமோவா அண்ணி?" என்று பொங்கினான் கொழுந்தன், மறுநாள் தன் கேபினில் உட்கார்ந்தபடியே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு.

"தூங்கினதுக்கு தம்பி. அது நியாயம்தானே?" ஏணியில் ஒரு காலை வைத்து, கைக்கடிகாரத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "ஒரு மணி நேரத்துக்கு மேல அஞ்சு நிமிஷம் உட்கார்ந்துட்டே. இறங்கு."