நகருங்க, நானே பண்றேன்

எங்கள் அக்காவுக்கு ஒரு வியாதி உண்டு. அடுத்தவர் மடித்து வைத்த எதையும் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியாது. வீட்டில் என்றால் தொலையட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளர். அங்கே மடிப்பதுதான் பிழைப்பே.

அதே கூடத்தில் கிழிந்த விரிப்புகளைத் தைக்கும் மெஷின் என்னுடையது. மூலையில் உட்கார்ந்தபடி தினமும் ஓசியில் நாடகம் பார்ப்பேன். யாராவது விரிப்பை மடித்து வைப்பார்கள். அக்கா வருவாள். நாக்கால் ‘ச்சு’ என்று ஒரு சத்தம், ‘நகருங்க, நானே பண்றேன்’ என்று ஒரு வசனம், பிரித்து உதறி மறுபடி மடிப்பாள். முன்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கும். எப்படியும் பிரிக்கத்தானே போகிறாள் என்று மற்றவர்களும் ஏனோதானோவென்று சுருட்டிவைக்கத் தொடங்கினார்கள். வார்டுகளுக்கு விரிப்பு நேரத்துக்குப் போகவில்லை.

இரண்டு பேர் வேறு பிரிவுக்குத் தாவியதும் மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார். இன்னும் ஒரு ஆள் போனால் பொறுப்பு வேறொருவருக்கு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்த ஒரு ஆள் இஸ்திரிக்காரர் என்பது எல்லோருக்கும் தெரியும். திங்கட்கிழமையிலிருந்து சமையல்கூடத்துக்குப் போகிறேன் என்று அக்காவிடமே சொல்லியிருந்தார். உயிரைக் கொடுத்து உழைத்தும் ஆள் நிற்கவில்லையே என்று என்னிடம் புலம்பித் தீர்த்தாள். எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு இடைவேளை. இஸ்திரிக்காரர் தலையணை உறையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தொப்பை குலுங்க நடந்து வந்து, மடித்த விரிப்பைப் பார்த்து ‘ச்சு’ என்றார். பிரித்தார், உதறினார், மடித்தார். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தோம். அப்போது பார்த்து அக்கா உள்ளே வந்தாள். அவசரமாக ஆளுக்கொரு விரிப்பைக் கையில் எடுத்தோம். அவளோ எங்களைவிட அதிகமாகச் சிரித்தாள். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

“அப்படியே எங்க அம்மா. அண்ணே, எங்க அம்மாவ நீங்க எங்க பாத்தீங்க?”

இஸ்திரிக்காரர் உறையைத் தலையிலிருந்து எடுத்தார். “உங்கம்மாவ நான் பாத்ததே இல்ல மேடம்.”

அம்மா நாங்கள் கழுவிய பாத்திரத்தையெல்லாம் மறுபடி கழுவுவாள். அந்த வீட்டிலிருந்து தப்பித்தால் போதும் என்றுதான் அக்கா வேலைக்கே வந்தாள். அவள் முகம் சிவந்தது, வெளுத்தது. இன்றோடு நாங்கள் தொலைந்தோம் என்று நினைத்தேன். அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இன்னொரு தடவ பண்ணிக் காட்டுங்கண்ணே. மெதுவா.”

மனிதர் வியர்த்து விறுவிறுத்துப் பண்ணிக்காட்டினார். இரண்டாவது உதறலில் அக்காவுக்குப் பொத்துக்கொண்டு சிரிப்பு வந்தது. அதன்பின் அந்தக் கூடத்தில் யாரையும் பிடிக்க முடியவில்லை. இனிமேல் தான் ‘ச்சு’ கொட்டினால் எல்லோரும் ‘அம்மா’ என்று கூப்பிட வேண்டும் என்று அவளே சட்டம் போட்டாள். அன்று பிற்பகல் முழுக்க, தொலைந்த கன்றுகளைப்போல் ‘அம்மா, அம்மா’ என்று கத்திக்கொண்டிருந்தோம். கை துறுதுறுக்கும்போதெல்லாம் ஏப்ரன் பைக்குள் திணித்துக்கொண்டாள். அப்படியும் இரண்டு முறை நழுவிவிட்டது. ஒரே நாளில் மாற அவள் என்ன மந்திரவாதியா?

சனிக்கிழமை சாயங்காலம் கடைசி விரிப்பை இஸ்திரிக்காரர் மடித்து வைத்தார். ஒரு ஓரம் கோணலாக நீட்டிக்கொண்டிருந்தது. அக்கா பார்த்தாள். உதடு குவிந்தது. நாங்கள் ‘அம்மா’வுக்குத் தயாரானோம். அவள் எச்சிலை விழுங்கிக்கொண்டு அதை அப்படியே வண்டியில் வைத்துத் தள்ளப்போனாள்.

“இருங்க மேடம்” என்று இஸ்திரிக்காரர் வண்டியைப் பிடித்து நிறுத்தினார். அந்த விரிப்பை எடுத்துப் பிரித்து, உதறி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தார்.

“இது எனக்கே சரியாப் படல” என்றார். “திங்கக்கிழமை இங்கதான் வருவேன்.”

அக்கா இரண்டு கையாலும் அந்த விரிப்பை வாங்கிக்கொண்டாள்.